காளானும் முழு தானியமும்: வேலை முடிந்து வந்த மாலையில் 35 நிமிடச் சாப்பாடு

கேள்வி இதுதான்: "வேலை முடிந்து வந்த பிறகு, ஓவனில் சுட்ட காளானும் முழு தானியமும் சேர்த்து இரவுச் சாப்பாடு செய்ய ஆசை. ஆனால் காளான் ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டு ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. தானியம் வேக ஒரு மணி நேரம் ஆகிறது. இது உண்மையிலேயே சீக்கிரம் முடியும் சாப்பாடுதானா? புரதத்துக்குக் காளான் மட்டும் போதுமா?"

சீக்கிரம் முடியும். புரதத்துக்குக் காளான் மட்டும் போதாது. இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான்: தண்ணீர். காளானுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், தானியத்துக்குள் தண்ணீரை ஏற்ற வேண்டும். முதல் வேலைக்குச் சூடும் இடமும் தேவை. அது 25 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாவது வேலைக்குப் பொறுமை தேவை. ஆனால் தானியம் ஊறுவதும் வேகுவதும் இன்று மாலைதான் நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. காலையில் ஊறலாம், நேற்றே வெந்திருக்கலாம். இதைப் புரிந்துகொண்டால் மாலையில் அடுப்படியில் நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் காளான். பச்சைக் காளானின் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். 500 கிராம் காளானைத் தட்டில் பரப்பி உள்ளே வைத்தால், அதில் 450 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. காளானின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை, ஓவனை எவ்வளவு சூட்டில் வைத்தாலும் அந்த மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. நமக்கு வேண்டிய பழுப்பு நிறமும் வறுபட்ட வாசனையும் மெய்லார்ட் வினையால் வருபவை. 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெய்லார்டின் பெயர்தான் அதற்கு. அந்த வினை நல்ல வேகம் பிடிக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். ஆக, ஈரம் போகும்வரை காளான் வேகிறது; ஈரம் போன பிறகுதான் சுடப்படுகிறது. நீங்கள் ரப்பர் என்று சொல்வது பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே வெளியே எடுத்துவிட்ட காளான்.

இன்னும் பத்து நிமிடம் விட்டால் குழைந்துவிடுமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. காய்கறிக்கு அந்தப் பயம் நியாயம். காயின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் சூட்டில் கரைந்துவிடும், காயும் குழைந்துவிடும். காளான் தாவரமே அல்ல. அதன் செல் சுவரைத் தாங்குவது கைட்டின். நண்டு, இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். அடுப்புச் சூட்டுக்கெல்லாம் கைட்டின் கரையாது. அதனால் சமையலறையில் இத்தனை பொறுமையான பொருள் வேறு அதிகம் இல்லை. ஐந்து நிமிடம் கூடிப்போனால் ருசி இன்னும் இறுகும், அவ்வளவுதான். தைரியமாக விடுங்கள்.

இனி செய்முறை. இரண்டு பேருக்கு 400 முதல் 500 கிராம் காளான் எடுங்கள். பார்க்க அதிகமாகத் தெரியும். சுட்ட பிறகு பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். ஓவனை 220 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். 180 டிகிரி போதும் என்று நினைக்காதீர்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் மெதுவாக வெளியே வந்து தட்டில் தேங்கும், காளான் அதிலேயே கிடந்து அவியும். ஓவன் சூடாகும்போதே காலித் தட்டையும் உள்ளே வைத்துவிடுவது என் வழக்கம். சூடான தட்டில் காளான் விழுந்ததும் 'சுர்' என்று சத்தம் வர வேண்டும்.

கழுவலாமா கூடாதா என்ற சண்டை வெகு காலமாக நடக்கிறது. கழுவலாம். ஏற்கெனவே 90 சதவீதம் தண்ணீராக இருக்கும் ஒன்று, சில நொடி குழாயடியில் காட்டினால் குடித்துவிடும் தண்ணீர் மிகக் குறைவு. மூன்று விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: முழுதாகக் கழுவுங்கள், வெட்டிய பிறகு வேண்டாம்; சமைப்பதற்குச் சற்று முன் கழுவுங்கள், கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தால் வழவழத்துப் போகும்; கழுவியதும் துணியில் உருட்டி ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஈரம்தான் முதல் சில நிமிடங்களைத் தின்றுவிடுகிறது.

சிறிய மொட்டுக் காளானைப் பாதியாகவும், பெரியதை நான்காகவும் வெட்டுங்கள். மெல்லிய சீவலாக வெட்டாதீர்கள். சீவல் வாணலிக்கு நல்லது, ஓவனில் ஓரம் கருகி நடு காய்ந்துபோகும். 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிரட்டுங்கள். காளானுக்குள் காற்றறைகள் நிறைய இருப்பதால் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்பது போலத் தோன்றும். கேட்டாலும் ஊற்றாதீர்கள். சூட்டில் அந்த அறைகள் சுருங்கியதும் உறிஞ்சிய எண்ணெயில் ஒரு பங்கு வெளியே வந்துவிடும்.

அடுத்தது இடம். இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. நெருக்கி அடுக்கினால் ஒன்று விடும் ஆவியில் பக்கத்துத் துண்டு அவியும். 30 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள தட்டு 400 கிராமுக்குச் சரி. அதற்கு மேல் என்றால் இரண்டு தட்டில் பிரித்து, பாதி நேரத்தில் மேல் தட்டைக் கீழேயும் கீழ்த் தட்டை மேலேயும் மாற்றுங்கள். உயரமான விளிம்புள்ள ஆழமான பாத்திரம் வேண்டாம். ஆவி வெளியேற வழி இருக்காது.

வெட்டிய முகம் கீழே பட வைத்து 15 நிமிடம் கிளறாமல் விடுங்கள். அப்போது கதவைத் திறந்து பாருங்கள். தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதை ஒரு கிண்ணத்தில் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். காளான் சாறு அது. கொட்டாதீர்கள், தானியத்துக்கு வேண்டும். இப்போது உப்பு தூவித் திருப்பிவிட்டு, மேலும் 8 முதல் 10 நிமிடம் வையுங்கள். உப்பை ஆரம்பத்திலேயே போட்டாலும் பெரிய தவறில்லை; அது தண்ணீரைச் சீக்கிரம் இழுத்துவிடும், ஓவன் நல்ல சூட்டில் இருந்தால் அந்தத் தண்ணீரும் வற்றிவிடும். ஆனால் தட்டு சற்றே நெரிசலாக இருக்கும் நாளில் நடுவில் போடுவதுதான் பத்திரம். தட்டிய பூண்டு கடைசி 4 நிமிடத்தில் மட்டும். முதலிலேயே போட்டால் 220 டிகிரியில் கருகிக் கசந்துபோகும். தைம், ரோஸ்மேரி போன்ற தடித்த இலைகளைத் திருப்பும்போது போடலாம். கொத்தமல்லி, பார்ஸ்லி போன்ற மெல்லிய இலைகளை வெளியே எடுத்த பிறகுதான் தூவ வேண்டும்.

முடிந்ததா என்று பார்க்கக் கடிகாரத்தைவிடக் கண்ணும் காதும் நல்லவை. ஓரங்கள் அடர்ந்த பழுப்பாகியிருக்கும். தட்டில் தண்ணீர் கொதிக்கும் 'களகள' சத்தம் நின்று, எண்ணெயில் பொரியும் மெல்லிய சத்தம் கேட்கும். ஒரு துண்டைக் கடித்தால் பல்லுக்கு எதிர்ப்பு இருக்கும், ஆனால் வழுக்காது. வெளியே எடுத்ததும் எலுமிச்சைச் சாறு சில துளி. அந்தப் புளிப்பு விழுந்ததும் காளானின் ருசி திறந்துகொள்வதை ஒருமுறை அனுபவித்துப் பாருங்கள்.

எந்தக் காளான்? வெள்ளை மொட்டுக் காளான், பழுப்பு மொட்டுக் காளான், உள்ளங்கை அகலத்துக்கு விரியும் போர்ட்டபெல்லோ மூன்றும் ஒரே இனம்தான், அகாரிகஸ் பைஸ்போரஸ். நிறமும் முதிர்ச்சியும் மட்டுமே வேறு. போர்ட்டபெல்லோவின் குடை விரிந்து அடிப்பக்க மடிப்புகள் காற்றில் திறந்திருப்பதால் ஈரம் கொஞ்சம் குறைவு, ருசி கூடுதல். முதல்முறை செய்பவருக்குப் பழுப்பு மொட்டைத்தான் சொல்வேன். சிப்பிக் காளானைக் கத்தியால் வெட்டாமல் கையால் நீளவாக்கில் கிழியுங்கள். மெல்லியது என்பதால் 15 முதல் 18 நிமிடத்தில் ஓரம் மொறுமொறுப்பாகிவிடும். ஷிடேக்கேயின் காம்பு எவ்வளவு சுட்டாலும் மெல்ல முடியாது, கழித்துவிடுங்கள். ஆனால் அதைத் தானியம் வேகும் தண்ணீரில் போட்டால் வாசனை இறங்கும், பிறகு எடுத்துவிடலாம்.

காட்டிலோ தோட்டத்திலோ தானாக முளைத்த காளானைப் பறித்துச் சமைக்கவே வேண்டாம். உயிரைப் பறிக்கும் அமனிடா ஃபல்லாய்டிஸ் போன்றவை சாப்பிடக்கூடியவை போலவே தோற்றமளிக்கும். அவற்றின் நஞ்சு வேகவைத்தாலும் அழியாது, சுட்டாலும் அழியாது.

காளானுக்கு ஏன் இவ்வளவு ருசி என்பதைத் தெரிந்துகொண்டால் உப்பைக் குறைக்க வழி கிடைக்கும். 1908-இல் கிகுனே இகேதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசி வடிசாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். காளானில் அந்தக் குளுட்டமேட் நிறைய இருக்கிறது. காய்ந்த ஷிடேக்கேயில் குவானிலேட் என்ற இன்னொரு பொருளும் சேர்ந்து வரும். இரண்டும் ஒன்றாக நாக்கில் பட்டால், தனித்தனியாகப் படும்போது தெரிவதைவிடச் சுவை பல மடங்கு பலமாகத் தெரியும். அதனால் நான் சொல்வது: இரண்டு காய்ந்த ஷிடேக்கேயை இரவே குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் அந்தத் தண்ணீரில் தானியத்தை வேகவையுங்கள். தானியமே காளான் ருசியோடு வரும், உப்பு வழக்கத்தைவிடக் குறைவாகவே போதும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. ருசி குறையாமல் அந்த அளவுக்குள் நிற்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

சரி, தானியத்துக்கு வருவோம். ஒரு தானிய மணியில் மூன்று பகுதி உண்டு: வெளியே தவிடு, உள்ளே மாவுப் பகுதி, ஓரத்தில் சின்னதாக முளைக்கரு. நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பாலும் தவிட்டிலும் முளைக்கருவிலும்தான் இருக்கின்றன. தீட்டி வெள்ளையாக்கும்போது இவை இரண்டும்தான் போகின்றன. முழு தானியம் என்றால் மூன்றும் இருக்கிறது என்று அர்த்தம். அது வேக நேரமாவதும் அதனால்தான். தவிடு ஒரு மழைச்சட்டை மாதிரி, தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. அந்தச் சட்டைக்குள் தண்ணீர் புகுவதற்கு நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. காலையில் கிளம்பும் முன் ஊறப்போட்டால், நீங்கள் திரும்புவதற்குள் கஷ்டமான பாதி வேலையைத் தண்ணீரே முடித்திருக்கும். வெயில் காலத்தில் ஊறும் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள், புளிக்காது.

ஊறப்போட மறந்துவிட்டீர்களா? வேகமாக வேகும் தானியங்களுக்குப் போங்கள். கினோவா 15 நிமிடம்; ஒரு கப்புக்கு இரண்டு கப்புக்கும் சற்றுக் குறைவாகத் தண்ணீர். அதன் மேல்தோலில் சப்போனின் என்ற கசப்புப் பொருள் இருப்பதால், வடிகட்டியில் போட்டு நுரை நிற்கும்வரை அலசுவது அவசியம். உடைத்த கோதுமை 12 முதல் 15 நிமிடம். தினையும் பக்வீட்டும் அதே அளவு நேரம்தான். தினை, சாமை போன்ற சிறுதானியங்களை வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. மேலே இருக்கும் கடினமான உமியைக் கட்டாயம் நீக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்கும் மேலே போய் வெளுக்கத் தீட்டியதில் தவிடும் போயிருக்கும். மங்கலான நிறத்தில் இருப்பதை எடுங்கள்.

பொறுமை கேட்கும் தானியங்கள் வேறு வகை. தீட்டாத அரிசி 40 முதல் 45 நிமிடம், உமி மட்டும் நீக்கிய பார்லி 50 நிமிடத்துக்கு மேல், முழுக் கோதுமை ஒரு மணி நேரம் வரை. இரவெல்லாம் ஊறியிருந்தால் இந்த நேரம் நன்றாகக் குறையும், குக்கர் இருந்தால் பாதிக்கும் கீழே இறங்கும். மென்று சாப்பிடும் சுகத்துக்கு என் தேர்வு பார்லி. காளானின் இறுக்கத்துக்கு அதன் வழவழப்பான மெல்லுதல் அப்படிப் பொருந்தும். முத்துப் பார்லி என்று கிடைப்பது தவிடு தீட்டியது, கறாராகப் பார்த்தால் முழு தானியம் ஆகாது. ஆனாலும் பார்லியில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து மணி முழுவதும் பரவியிருப்பதால், தீட்டிய பிறகும் அதில் நல்ல பங்கு மிஞ்சுகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவுவது இந்த நார்ச்சத்துதான். முத்துப் பார்லி 25 முதல் 30 நிமிடத்தில் வெந்துவிடுகிறது. அவசர நாளில் அதைப் போட்டால் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

தண்ணீர் அளவைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கவிட்டு, கொஞ்சம் உப்பு போட்டு, அதில் தானியத்தைக் கொட்டுங்கள். வெந்ததும் வடிகட்டி, மூடி போட்டு 5 நிமிடம் வைத்தால் உதிரி உதிரியாக வரும். அடிப்பிடிக்காது. கினோவாவுக்கும் உடைத்த கோதுமைக்கும் மட்டும் அளந்து ஊற்றுவது நல்லது, இரண்டும் சீக்கிரம் சொதசொதப்பாகிவிடும். அந்த ஷிடேக்கே தண்ணீரைப் பயன்படுத்தும் நாளிலும் அளந்துதான் வைக்க வேண்டும், வடித்தால் ருசியெல்லாம் தொட்டியில் போய்விடும்.

மாலையை உண்மையாகவே சுருக்கும் வழி, விடுமுறை நாளில் ஒரே முறையாக வேகவைத்து வைப்பது. 2 கப் தானியம் வெந்தால் 5 அல்லது 6 கப் வரும். இரண்டு பேருக்கு மூன்று வேளை. ஆனால் அதை ஆறவைக்கும் விதத்தில் அலட்சியம் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரையும் தாண்டி உயிரோடு இருக்கும். வெந்த தானியம் அறைச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் அகலமான தட்டில் மெல்லப் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். 3 நாளைக்குள் தின்றுவிடுங்கள். அதற்கு மேல் வேண்டும் என்றால் ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பைகளில் போட்டு, தட்டையாக அமுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். தட்டையாக இருந்தால் வாணலியில் சில நிமிடத்தில் இளகிவிடும். குளிர வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: வெந்த மாவுச்சத்தில் ஒரு பகுதி குளிரும்போது மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் நார்ச்சத்து போலவே பெருங்குடலுக்குப் போகிறது.

இனி மாலைக்கு வருவோம். தானியம் ஏற்கெனவே வெந்து ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்ததும், கை கால் கழுவுவதற்கு முன்பே ஓவனைப் போட்டுவிடுங்கள். அது சூடாகும் 10 நிமிடத்தில் காளானைத் துடைத்து வெட்டி எண்ணெயில் பிரட்டலாம். காளான் உள்ளே போனதும் 15 நிமிடம் உங்களுடையது. சாப்பாட்டை வெறும் காளானும் தானியமுமாக விடாமல் முழுமையாக்குவது இந்த 15 நிமிடம்தான். ஒரு கைப்பிடிக் கீரையை நறுக்கி வையுங்கள். 4 மேசைக்கரண்டி தயிரில் ஒரு பல் பூண்டைத் துருவிப் போட்டு, எலுமிச்சைச் சாறும் மிளகும் சேர்த்து அடித்து வையுங்கள். தயிர் சேராதவர்கள் எள் விழுதை வெந்நீரில் கரைத்து அதே மாதிரி செய்யலாம். பிறகு காளானைத் திருப்புங்கள். கடைசி 5 நிமிடத்தில் அகலமான வாணலியில் 2 கப் தானியத்தைப் போட்டு, கிண்ணத்தில் எடுத்து வைத்த காளான் சாற்றை ஊற்றி, ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். அந்தச் சூட்டிலேயே கீரையைப் போட்டுக் கிளறினால் வதங்கிவிடும், தனியாகச் சமைக்க வேண்டாம். கிண்ணத்தில் தானியம், மேலே காளான், தட்டில் ஒட்டியிருக்கும் பூண்டும் எண்ணெயும் சுரண்டி அதன் மேல், பிறகு தயிர். கொஞ்சம் வறுத்த வால்நட் அல்லது பாதாம் நொறுக்கித் தூவினால், மென்மையாகவே போய்க்கொண்டிருக்கும் வாய்க்கு ஒரு மொறுமொறுப்பு. 35 நிமிடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

காளானையும் தானியத்தையும் ஒன்றாகக் கலந்து ஓவனில் வைத்தால் பாத்திரம் மிச்சம் என்று தோன்றும். வேண்டாம். காளான் விடும் ஈரத்தில் தானியம் குழையும், தானியம் தரும் ஈரத்தில் காளான் அவியும். கடைசி நிமிடம்வரை இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

புரதத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடித்துச் சாப்பிடும் சுகத்தில் இறைச்சியை நினைவூட்டுவதால் காளானில் புரதம் நிறைய என்ற எண்ணம் பரவியிருக்கிறது. 100 கிராம் பச்சை மொட்டுக் காளானில் இருப்பது ஏறக்குறைய 3 கிராம்தான். 200 கிராம் சாப்பிட்டாலும் 6 கிராம், ஒரு முட்டையில் இருக்கும் அளவு. ஒரு கப் வெந்த தானியம் 4 முதல் 8 கிராம் தரும். இரவுச் சாப்பாடு இதோடு நின்றால் படுக்கப் போகும்போது மறுபடி பசிக்கும். அதனால் மூன்றாவதாக ஒன்று கட்டாயம் வேண்டும். அரை கப் வெந்த கொண்டைக்கடலை 7 கிராம் புரதமும் ஏறக்குறைய 6 கிராம் நார்ச்சத்தும் தரும். காளான் தட்டின் ஒரு ஓரத்தில் சேர்த்துச் சுட்டால் மொறுமொறுப்பாகவும் ஆகும். ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். முட்டை சாப்பிடுபவர்கள் கிண்ணத்தின் மேல் மஞ்சள் கரு இளக்கமாக ஒன்றைப் பொரித்து வைக்கலாம். உடைந்து தானியத்தில் வழியும்போது அதுவே குழம்பாகிவிடும். டோஃபுவும் பொருந்தும்.

காளானின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 100 கிராமுக்கு 22 கலோரி அளவுதான், ஆனால் வயிறு நிறைந்த உணர்வு தரும். ரிபோஃப்ளேவின், நியாசின், பேன்டோதெனிக் அமிலம் ஆகிய பி வைட்டமின்களும், செலினியமும், பொட்டாசியமும் உண்டு. அதில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறும். விடுமுறை நாளில் நறுக்கிய காளானை அரை மணி நேரம் நண்பகல் வெயிலில் காட்டிவிட்டுச் சமைத்தால் அந்தப் பலன் கிடைக்கும். நார்ச்சத்துக் கணக்கில் இந்தக் கிண்ணத்தை நான் மனதாரப் பரிந்துரைப்பேன். ஒரு கப் வெந்த பார்லியில் 6 கிராம், கொண்டைக்கடலையில் 6, காளானில் 2, கீரையில் ஒன்று என்று 15 கிராம் வந்துவிடுகிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரே வேளையில் பாதிக்கு மேல்! இதுவரை நார்ச்சத்து குறைவாகச் சாப்பிட்டவர்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதல் நாளே முழுக் கிண்ணம் என்றால் வயிறு உப்பும். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் அரிசி, கினோவா, பக்வீட், தினை பக்கம் போங்கள். பக்வீட்டுக்குப் பெயரில்தான் வீட், கோதுமைக்கும் அதற்கும் உறவில்லை.

ஓவன் இல்லாதவர்களுக்கு: ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்கினால் போதும். அதன் கூடை சின்னது, இரண்டு தவணையாகப் போடுங்கள். வெறும் அடுப்புதான் என்றால் கனமான இரும்பு வாணலி, இருப்பதிலேயே அகலமானது. இங்கே மட்டும் தலைகீழ் முறை. முதலில் எண்ணெய் விடாமல், கால் கப் தண்ணீரோடு காளானைப் போட்டு முழுத் தீயில் கிளறுங்கள். ஆவி காற்றறைகளைச் சுருக்கிவிடும், காளான் தன் தண்ணீரையும் விடும். எல்லாம் வற்றிச் சத்தம் மாறியதும் ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுச் சிவக்க விடுங்கள். அறைகள் ஏற்கெனவே சுருங்கிவிட்டதால் எண்ணெயை உறிஞ்சாது, மேலேயே நின்று பொரிக்கும். எண்ணெயைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஓவனைவிட இதுவே நல்ல வழி.

வாங்கும்போது தொட்டுப் பாருங்கள். கெட்டியாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும், வழவழப்பு இருந்தால் வைத்துவிடுங்கள். குடை லேசாகத் திறந்திருந்தால் குறையில்லை, சுடுவதற்கு அதுதான் எனக்குப் பிடிக்கும். வீட்டில் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூடிய பிளாஸ்டிக்கில் அது விடும் ஈரமே அதைக் கெடுத்துவிடும். இரண்டு மூன்று நாளாகிக் கொஞ்சம் சுருங்கிப் போனதைத் தூக்கி எறியாதீர்கள். ஈரம் குறைந்த காளான், நீங்கள் ஓவனில் செய்யப்போகும் வேலையில் ஒரு பங்கை ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறது.

மிஞ்சினால் மறுநாள் மதியத்துக்குக் காளானைத் தனி டப்பாவிலும், தயிரை இன்னொன்றிலும் எடுத்துப் போங்கள். சூடாக்கும்போது தானியத்தின் மேல் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் மறுபடி மிருதுவாகும். காளானை மட்டும் மூடாமல் சூடாக்குங்கள்.